மோப்பக்காரரின் ஒற்றை டேங்க்

எங்கள் அத்தானைப் பற்றி யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அவரைத் திட்டும் உரிமை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒன்று என் அக்கா, இன்னொன்று நான். அந்தக் கடமையில் நாங்கள் இதுவரை குறை வைத்ததில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தொழில், மருந்தடிப்பது. முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு வயல் வயலாகப் போய்க் களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கிறவர். ஊரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மோப்பம்' என்று கேட்டால் மேய்கிற மாடுகூட வழிகாட்டும்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. பால் கூடத்தில் கேன் மூடியைத் திறப்பார்கள். தெருவோடு போகிற இவர் நின்று, "இந்த மாடு பார்த்தீனியத்துல வாய வச்சிருக்குய்யா. பால் கசக்கும், தனியா வை" என்பார். பக்கத்து வயலில் யார் என்ன மருந்து அடித்தார்கள் என்பதை வரப்பில் நின்று காற்றை ஒரு இழு இழுத்துச் சொல்லிவிடுவார். மூட்டையை அவிழ்க்காமலே தானியத்தில் வண்டு விழுந்திருக்கிறதா என்று சொல்வார். வீட்டில் அந்த மூக்கை வைத்துக்கொண்டு என் அக்காவைப் படுத்திய பாடு தனிக் கதை. அடுப்பில் வெங்காயம் லேசாக நிறம் மாறினால் போதும், வாசலிலிருந்தே "கருகுது!" என்று குரல் வரும். பருப்பு நேற்று வேகவைத்ததா இன்று வேகவைத்ததா என்று தட்டைத் தொடாமலே சொல்வார்.

"இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மூக்கை வச்ச ஆண்டவன், வாய்க்கு ஒரு மூடியும் போட்டிருக்கலாம்" என்பாள் அக்கா.

ஆனால் வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மழைக்கு முன்னால் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வருவார். முள்ளும் புதரும் விதை போடுவதற்கு முன் வேரோடு தோண்டி எடுக்கச் சொல்வார். மழை விழுந்து புல்லோடு களையும் சேர்ந்து தலை தூக்கும்போது டேங்கைத் தூக்குவார். பயிர் முழங்கால் உயரம் வந்தால் புழு, பூ வைத்தால் அசுவினிப் பூச்சி, வெயில் ஏறினால் வெள்ளை ஈ. ஒவ்வொன்றும் வரும் பருவம் அவருக்கு அத்துப்படி. "களை பூக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு. பூத்த பிறகு கூப்பிட்டா அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து அழு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. செடிக்கு ஒரு புழு தென்பட்டதும் பதறிக்கொண்டு ஓடி வருகிறவர்களை, "இதுக்கு எதுக்கு மருந்து? கை எதுக்கு இருக்கு? பொறுக்கி எறி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருகிற வேலையை விரட்டுகிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மருந்தடித்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுவார். அந்தத் துணியை அவரே அவிழ்க்கும்வரை ஒரு ஆட்டுக்குட்டியும் உள்ளே போகக் கூடாது. போனால், குட்டியின் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் அர்ச்சனை தெருமுனை வரை கேட்கும்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. நான் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார், பம்பு, மருந்து டேங்க் எல்லாவற்றையும் பழுது பார்ப்பேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மருந்தடிக்கிற எல்லாரிடமும் இரண்டு டேங்க் இருக்கும். களை மருந்துக்கு ஒன்று, பூச்சி மருந்துக்கு ஒன்று. களைக்கொல்லி மிச்சம் ஒரு மூடி அளவு கிடந்தால்கூடப் போதும், அதே டேங்கில் பூச்சி மருந்து கலந்து தக்காளிக்கோ பருத்திக்கோ அடித்தால் இலையெல்லாம் முறுக்கிக்கொள்ளும். இது எல்லாருக்கும் தெரியும். அத்தானிடம் மட்டும் ஒரே டேங்க்.

"இன்னொன்னு வாங்குங்க அத்தான்" என்று நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு எதுக்குடா ரெண்டாவது டேங்க்? மூக்கு இருக்கே" என்பார்.

சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவுவார். வெயிலில் கவிழ்த்து வைப்பார். பிறகு டேங்க் வாயில் ஒரு முறை, தெளிக்கிற நாசில் முனையில் ஒரு முறை மோந்து பார்ப்பார். மூக்கு சரி என்று சொன்னால்தான் அடுத்த மருந்து. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

போன கோடையின் கடைசியில் அத்தானுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் கண் திறக்கவில்லை. அக்கா கதிகலங்கிப் போனாள். எழுந்து உட்கார்ந்தபோது ஆள் பாதியாக இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அத்தான் சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அக்கா முதலில் நம்பவில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் அடிப்பிடித்த பாலை ஆற்றிக் கொடுத்தாள். மனுஷன் மடமடவென்று குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அக்கா உடனே என் பட்டறைக்கு நடந்தே வந்துவிட்டாள்.

"தம்பி, உன் அத்தான் திருந்திட்டாருடா. காய்ச்சல் வந்தாலும் வந்துச்சு, மனுஷனுக்கு என் கைமணம் இப்பத்தான் புரிஞ்சிருக்கு."

"அவரா? எதுக்கும் இன்னொரு தடவை டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அக்கா என்னை முறைத்துவிட்டு, தெருவில் பார்த்த எல்லாரிடமும் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினாள்.

அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்தாற்போல் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தது இரண்டு தெரு தள்ளித்தான். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். வீட்டை ஆள்வது அவருடைய அம்மா. அத்தானுக்கும் அக்காவுக்கும் சம்பந்தி. நானும் சம்பந்தியம்மா என்றே கூப்பிடுவேன். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தக்காளித் தோட்டத்தில்தான் அந்த அம்மா, புருஷன் போன பிறகு, பிள்ளையை ஆளாக்கினார். அத்தான் தினமும் சாயங்காலம் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு நாள் தவறமாட்டார்.

மழை விழுந்தது. பால்காரரின் மேய்ச்சல் நிலத்தில் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. அத்தான் போய்க் களைக்கொல்லி அடித்தார், கயிறு கட்டினார், சிவப்புத் துணி தொங்கவிட்டார். அடுத்து சம்பந்தியம்மாவின் தக்காளியில் வெள்ளை ஈ என்று சொல்லி அனுப்பினார்கள். டேங்கைக் கழுவிக் காயவைத்து, அங்கே போய்ப் பூச்சி மருந்து அடித்துவிட்டு வந்தார்.

நாலைந்து நாளில் தக்காளிச் செடிகள் முறுக்கிக்கொண்டன. இலை ஒடுங்கி, காம்பு வளைந்து, தண்டு திருகிப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சம்பந்தியம்மா பார்த்தார். "இலைச்சுருள் நோய்" என்றார். வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். ஈ இப்போதுதானே வந்தது, அதற்குள் இத்தனை செடிக்கு நோய் எப்படி வரும்? நாற்றிலேயே இருந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நாற்றுப் பண்ணைக்காரர் சீக்கு நாற்றைத் தலையில் கட்டிவிட்டார் என்று தெருத்தெருவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னால் ஊர் நம்பும். நாற்று வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் பாதி வழியில் திரும்பிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்தச் சமயத்தில் அத்தான் டேங்கைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

"நாசில் அடைக்குது மச்சான். திறந்து பாரு."

குழாயைக் கழற்றினேன். அவ்வளவுதான், களை மருந்து நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. எனக்குத் தும்மலே வந்துவிட்டது.

"என்ன அத்தான், கழுவவே இல்லையா?"

"கழுவினேனே. மூணு தடவை."

"டேங்க் சுத்தமாத்தான் இருக்கு. இந்த ரப்பர் குழாய்க்குள்ளதான் ஊறிக் கிடக்கு. நீங்க நாசில்ல மோந்து பார்ப்பீங்களே?"

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாசிலில் அடைப்பே இல்லை. என்னை மோந்து பார்க்க வைக்கத்தான் அவர் தேடி வந்திருக்கிறார்.

மேசையில் பெட்ரோலில் ஊறிய துணி ஒன்று கிடந்தது. எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். பழைய அத்தானாக இருந்தால் எந்த வண்டியில் துடைத்தது என்றே சொல்லியிருப்பார். இவர் கையை நீட்டி வாங்கி, சாவகாசமாக நெற்றி வியர்வையைத் துடைக்கப் போனார். பிடுங்கி எறிந்தேன்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"காய்ச்சல்ல இருந்து." குரலே எழும்பவில்லை அவருக்கு. "இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு இருந்தேன். டாக்டர், சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராதுன்னுட்டாரு. வெளிய சொன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்? மூக்குதானே என் பொழப்பு."

"அந்த மூக்குதான் இப்ப சம்பந்தியம்மா தோட்டத்தைக் கொளுத்தப் போகுது!"

"அவங்கதான் நோய்னு நினைச்சுட்டாங்களே. விட்டுடேன் மச்சான். நம்ம பொண்ணு அந்த வீட்டுல வாழணும்."

எனக்கு வந்ததே கோபம். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு நாத்துக்காரர் தலையில விடியுதே, அது கண்ணுக்குத் தெரியலையா? மூக்கோட சேர்ந்து கண்ணும் போயிடுச்சா?" என்று கத்திவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தான் டேங்கை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் முதுகைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். சம்பந்தியம்மா ஆள் வைத்துத் தோட்டம் முழுவதையும் பிடுங்கி எரிக்கப் போகிறாராம். கூடமாட ஒத்தாசைக்குப் போக வேண்டும், நீயும் வா என்றாள். "உன் அத்தான் ராத்திரி முழுக்கத் தூங்கல. சாப்பாடு ஒத்துக்கலையோ என்னவோ" என்றும் சொன்னாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலை தொடங்கிவிட்டது. இரண்டு பெண்கள் ஓரத்திலிருந்து செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் பிடுங்கினார். அவர் கண் சிவந்திருந்தது. அக்கா மகள் குழந்தையோடு கிணற்று மேட்டில் நின்றாள். அங்கே இன்னொருவரும் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். நாற்றுப் பண்ணைக்காரர்.

"என் பண்ணைக்கு வந்து பாருங்க! ஒரு செடியில சுருட்டல் இருக்கான்னு பாருங்க! வாய்க்கு வந்தபடி பேசிட்டா ஆச்சா?"

"சீக்கு நாத்தைக் கொடுத்துட்டு நியாயம் வேற பேசறீங்களா?" என்று சம்பந்தியம்மா எகிறினார்.

நான் தோட்டத்தைப் பார்த்தேன். நோய் என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக வரும். இங்கே அப்படி இல்லை. கிணற்றுப் பக்கம் முதல் வரிசைகளில்தான் முறுக்கல் கடுமை. போகப் போகக் குறைந்து, கடைசி வரிசைகளில் செடி செடியாகவே இருந்தது. முதல் டேங்க் மருந்தில் குழாயில் இருந்த மிச்சம் முழுவதும் இறங்கியிருக்கிறது. அடுத்தடுத்த டேங்கில் அது கரைந்து குறைந்திருக்கிறது. அத்தான் நடந்த தடம் அப்படியே செடிகளில் தெரிந்தது. அத்தானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு நேராகத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்ச் சம்பந்தியம்மா முன்னால் நின்றார்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"இது நோய் இல்ல. நாத்து நல்ல நாத்து. கெடுத்தது நான்."

பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"களை மருந்து குழாய்க்குள்ள மிச்சம் இருந்திருக்கு" என்றார் அத்தான். "அதோட சேர்த்து அடிச்சுட்டேன்."

"நீங்க மோந்து பாக்காம அடிக்க மாட்டீங்களே?"

"பாத்தேன். தெரியல. எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல சம்பந்தியம்மா. காய்ச்சலோட போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாம மறைச்சுட்டேன்."

முதலில் சத்தம் வந்தது என் அக்காவிடமிருந்து.

"அப்ப... நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு என் சமையலச் சாப்பிட்டது?"

அத்தான் தலை குனிந்துகொண்டார்.

"அடப்பாவி மனுஷா! சமையல்ல தேறிட்டேன்னு ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. பிடுங்க வந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஆனால் அக்காவுக்கு அடுத்த நொடியே அழுகை வந்துவிட்டது. "எங்கிட்ட கூடச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? ஒரே வீட்டுல இருந்துட்டு, தனியா கிடந்து தவிச்சிருக்கீங்களே" என்றாள். நேற்று அவரைக் கண்டபடி பேசியதை நினைத்து என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

சம்பந்தியம்மா கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். மண்ணைத் தட்டிக்கொண்டு நாற்றுப் பண்ணைக்காரரிடம் போனார்.

"தப்பா பேசிட்டேன். யார் யார்கிட்ட சொன்னேனோ அவங்க எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேன்."

பிறகு அத்தானிடம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை.

"பொழைக்குமா?"

"கிணத்தோரம் இருக்கறது பொழைக்காது. மத்ததைப் பிடுங்காதீங்க. தண்ணி தாராளமா விடுங்க, இப்ப இருக்கற பூவையும் பிஞ்சையும் கிள்ளிப் போட்டுடணும். புதுத் துளிர் நேரா வந்துடும்."

"நீங்களே வந்து கிள்ளுங்க. தினமும் வந்து நில்லுங்க. இன்னொரு டேங்க் வாங்குங்க. வாங்காம என் வரப்புல மருந்தோட காலை வச்சீங்கன்னா, சம்பந்தின்னு பாக்க மாட்டேன், மம்பட்டிக் காம்பாலயே போடுவேன்."

"சரிங்க" என்றார் அத்தான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு அதிலேயே நிற்கும். தோட்டத்தில் முக்கால்வாசி பிழைத்தது. காய்ப்பு தள்ளித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. அத்தானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள், அது அவர்கள் இஷ்டம். பால்காரர் நிற்கவில்லை. நாற்றுப் பண்ணைக்காரரோ, தன்னிடம் நாற்று வாங்குகிறவர்களிடமெல்லாம், "மருந்துக்கு அவரையே கூப்பிடுங்க. தப்பு நடந்தா வாய் திறந்து சொல்ற ஆளு" என்று சொல்லி அனுப்புகிறார். டேங்க் இப்போது இரண்டு. அக்கா வீட்டுச் சமையலை அத்தானுக்குப் பதிலாக நான் குறை சொல்கிறேன், அவள் அதை ஏற்பதாக இல்லை.

ஆனால் அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது.

எல்லாரும் நிழலுக்கு வந்தோம். அக்கா மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்பா, காய்ச்சலுக்கு அப்புறம்தானே பாப்பா பொறந்தா?"

"ஆமாம்மா."

"அப்போ, இவ வாசனை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா. அதுக்குத்தான் தினமும் வர்றேன். இன்னைக்காவது தெரியாதான்னு."

அவள் குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, நிதானமாக, ஆழமாக மூச்சை இழுத்தார். சம்பந்தியம்மா, அக்கா, நாற்றுப் பண்ணைக்காரர், பிடுங்க வந்த பெண்கள், நான் என்று அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அத்தான் கண்ணைத் திறந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அதனால என்ன, நாளைக்கு வந்து பாருங்க" என்றார் சம்பந்தியம்மா.